பிள்ளையைத் தூது விடலாமா?

மொழிபெயர்ப்பு என் அலுவல், நேயர்களே. ஆயினும், நான் கண்ட மொழிபெயர்ப்பாளருள் மிகத் துணிச்சல்காரன் பத்து வயதுச் சிறுவன் ஒருவன்.

தாராவியில் இட்லி அவித்து விற்கும் அவன் தாயாருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. என் மகளுக்காக நானும் சென்றிருந்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை, "இம்மாதம் எட்டு நாள் வரவில்லை, கணக்கில் பின்தங்கிவிட்டான்" என்று இந்தியில் சொன்னார். "நன்றாகப் படிக்கிறேனாம், அம்மா" என்றான் பையன். நான் குறுக்கிட்டு உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மாள் திடுக்கிடவில்லை. தாம் காய்ச்சலில் கிடந்த எட்டு நாளும் இட்லிக் கூடையைச் சுமந்தவன் அவனே என்றார். அதை நான் இந்தியில் சொன்னதும் ஆசிரியையின் முகம் மாறிற்று.

மாணவரின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரை ஒழுங்காகக் கூட்டித் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. எந்த மொழியில் என்று அப்பிரிவு கூறவில்லை! மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் இத்தொல்லை இல்லை. பிற பள்ளிகளை நாடும் பெற்றோர், இந்தியோ மராத்தியோ அறிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். மாதுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழருள் அத்தகையோர் பலர் உண்டே. ஒரு மணி நேரம் ஒதுக்குவது அவர்களுக்குப் பெரிதன்று. வீட்டு நிலைமையையும் ஆசிரியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வந்திருந்தார். பையன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான்.