எரிக்கலாமா, வேண்டாமா என்று பேசிய மேடை

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம்)

வாலாஜாபாத்திலிருந்து பேசுறேன். வெளியே தறிச் சத்தம் கேட்டா மன்னிச்சுக்குங்க, பக்கத்து வீட்டுல முகூர்த்தப் புடவை ஓடிக்கிட்டிருக்கு.

இன்னைக்கு விஷயம் இதுதான்: எதிரெதிர் அரசியல் உள்ள பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து நாகரிகமாகப் பேசிக்கொள்ள ஒரு கல்லூரி என்ன செய்ய முடியும்? இதில் நான் தோற்றுப்போன கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன், தேர்தல் நேரம். என் வகுப்பில் இரண்டு மாணவர்கள். இருவரும் எங்க ஊர்ப் பக்கம், ஒரே டவுன் பஸ், ஒரே டிபன் பாக்ஸ். ஒருவன் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு போட்டான். மற்றவன் பதில் போட்டான். பத்தாவது செய்தியில் கட்சி போய்விட்டது, சாதி வந்துவிட்டது. மறுநாள் வகுப்பறையில் பெஞ்சுகள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருந்தன.

கல்லூரி என்ன செய்தது? வளாகத்தில் அரசியல் பேசக் கூடாது என்று ஒரு சர்குலர். நான் என்ன செய்தேன்? அந்தக் குழுவுக்கு நான்தான் அட்மின். கலைத்துவிட்டேன். பிரச்சினை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். முடியலைங்க. சண்டை வகுப்பிலிருந்து பஸ்ஸுக்குப் போனது, அவ்வளவுதான். அங்கே வாத்தியாரும் இல்லை, விதியும் இல்லை.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. அதன் நாயகன் நம்ம காஞ்சிபுரத்துக்காரர், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, அறிஞர் அண்ணா.

1943 பிப்ரவரி 9. சென்னை சட்டக் கல்லூரி மண்டபம். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தார் சொல்லிக்கொண்டிருந்த காலம். இதைவிடச் சூடான தலைப்பு அன்றைக்கு இருந்திருக்க முடியாது. ஒரு பக்கம் அண்ணா. மறுபக்கம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ரா.பி. சேதுப்பிள்ளை. ஒருவருக்கு அது ஆரிய ஆதிக்கத்தின் கருவி, மற்றவருக்கு அது தமிழின் உச்சம். நடுவில் ஒரு தலைவர். அதே ஆண்டு மார்ச் 14 அன்று சேலத்தில் இன்னொரு சுற்று. இம்முறை அண்ணாவுக்கு எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். இந்தி எதிர்ப்பில் அண்ணாவோடு ஒரே அணியில் நின்றவர், கம்பன் என்று வந்தபோது எதிர் மேடையில் நின்றார். அந்த விவாதம் ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாகி இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது.

முடிவில் யாரும் யாரையும் மாற்றிவிடவில்லை. அண்ணா கம்பரசிகர் ஆகவில்லை, சேதுப்பிள்ளை சுயமரியாதைக்காரர் ஆகவில்லை. ஆனால் கால் நூற்றாண்டு கழித்து, 1968 ஜனவரியில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது அண்ணா முதலமைச்சர். அப்போது மெரினா கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளில் ஒன்று கம்பருடையது. அந்த விவாதத்தால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. எதிர்த்துப் பேசியதற்காக ஒருவருக்கு உரிய இடத்தை மறுக்க வேண்டியதில்லை என்பதுதான் நான் இதில் பார்ப்பது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். பேச்சு காரமாகத்தான் இருந்தது. மென்மையாக இருந்தது மேடையின் ஒழுங்கு. ரெண்டையும் நாம குழப்பிக்கிறோம். ‘நாகரிகமாகப் பேசு’ன்னு பொதுவா யாருகிட்ட சொல்றோம்? அடிபட்டவன்கிட்டத்தான். கோபப்படாதே என்று கேட்பது நாகரிகம் அல்ல. உன் முறை வரும்போது பேசு, அவர் முறையில் கேள் என்று இருவருக்கும் ஒரே விதியைப் போடுவதுதான் நாகரிகம். அதோடு, கருத்தை எதிர்க்கலாம், எதிரே உட்கார்ந்திருப்பவரின் பிறப்பை இழுக்கக் கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டினால் அது விவாதமே அல்ல.

இப்போது 2015க்கு வருவோம். சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் அமைப்பு. அவர்களைப் பற்றிப் பெயரில்லாத ஒரு புகார் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போனது. அமைச்சகம் நிறுவனத்திடம் கருத்துக் கேட்டது. மே மாதம் அமைப்பின் அங்கீகாரம் ரத்தானது. விதியை மீறினார்கள் என்றது நிர்வாகம், எங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை என்றார்கள் மாணவர்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. ஜூன் மாதம் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

1943இல் எதிர்த்தவர் முகத்தைக் காட்டி மேடை ஏறினார். 2015இல் எதிர்த்தவர் பெயரில்லாத கடிதம் எழுதினார். அந்தக் கடிதக்காரரைக் கூப்பிட்டு, ‘வாங்க, மண்டபம் தர்றோம், அவங்களுக்கு எதிரே உட்கார்ந்து பேசுங்க’ என்று சொல்லியிருந்தால்? கல்லூரியால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. தடை போட காவல் நிலையமே போதுமே!

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் 1967இல், வியட்நாம் போர் நேரத்தில், கால்வன் என்ற சட்டப் பேராசிரியர் தலைமையில் ஒரு குழு போட்டது. அந்தக் குழு சொன்னதன் சாரம்: விமர்சனம் செய்ய வேண்டியவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களும். பல்கலைக்கழகம் ஒரு நிறுவனமாக அரசியல் விவாதங்களில் பக்கம் சேராமல், அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. அநியாயம் கண்முன்னே நடக்கும்போது வாயை மூடிக்கொள்ளவும் இதே நியாயத்தைச் சொல்லலாம். ஆனால் மாணவர் விவாதத்தைப் பொறுத்தவரை நிர்வாகத்துக்கு இது நல்ல அளவுகோல்.

சரி, என் வகுப்புக்கு வருகிறேன். இப்போது நான் செய்வது இரண்டே இரண்டு. ஒன்று, சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பக்கம் பிரிப்பேன். தனக்குப் பிடிக்காத தரப்புக்காகவும் வாதாட வேண்டி வரும். இரண்டு, பதில் சொல்லும் முன் எதிராளி சொன்னதை நீ சொல்லிக் காட்டணும். அவர் ‘ஆமா, நான் சொன்னது இதான்’ என்று தலையாட்டிய பிறகுதான் உன் பதில். முதல் மாதம் சிரிப்பாக இருக்கும். நிறையப் பேர் எதிராளி சொல்லாததைத்தான் சொல்லிக் காட்டுவார்கள். மூன்றாம் மாதம் வகுப்பில் சத்தம் குறையும், கருத்து குறையாது.

எங்கப்பா கோர்வைப் புடவை நெய்தவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ரெண்டு பேர் உட்கார்ந்தாத்தான் அந்தத் தறி ஓடும். ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு எழுந்துட்டா வேலை நின்னுடும். அவங்க பேசிக்கிட்டே நெய்வாங்க, அரசியலும்தான்.

அந்த இரண்டு மாணவர்கள்? ஒருவன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தான். போனேன். இன்னொருவன் வரவில்லை, அவனைக் கூப்பிடவே இல்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அன்றைக்கு நான் குழுவைக் கலைக்காமல் இரண்டு நாற்காலி போட்டிருக்கலாமே என்று தோன்றியது. இதைக் கேட்கும் ஆசிரியர்களே, உங்க வகுப்பில் அந்த நாள் வரும்போது சர்குலர் எழுத அவசரப்படாதீங்க. முதல்ல நாற்காலி போடுங்க.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.