மின்சார மசோதாவும் மானாவாரிக் காடும்

(கோவில்பட்டி வட்டாரத்தில் விவசாயிகளும் தீப்பெட்டித் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மின்சாரச் சட்டத்தைத் திருத்துகிற மசோதாவைப் பற்றிப் பேச ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறோம். ஓர் ஊரில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "அண்ணாச்சி, நம்மது வானம் பார்த்த பூமி. கிணறும் இல்லை, பம்புசெட்டும் இல்லை. கரண்டுச் சட்டம் எப்படிப் போனால் நமக்கென்ன? கோயமுத்தூர்ப் பக்கம் போய்ச் சொல்லுங்கள்" என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்தாலும் கேள்வி நியாயமான கேள்விதான். அன்று எங்களால் திருப்தியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில், நம்மிடம் அபிப்பிராயம் கேட்ட லட்சணத்தைப் பாருங்கள். மத்திய மின்சார இலாகா 2025 அக்டோபர் 9ஆம் தேதி நகல் மசோதாவை வெளியிட்டது. 30 நாளுக்குள் கருத்துச் சொல்லும்படி கேட்டது. அந்த 30 நாள் எந்த நாள்? புரட்டாசி கடைசியும் ஐப்பசியும்! கரிசல்காட்டில் விதைப்பு நேரம். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போட்டுவிட்டு, மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற சம்சாரி, இங்கிலீஷில் அச்சான ஷரத்துகளைப் படித்து, டில்லிக்கு மின்னஞ்சலில் பதில் எழுத வேண்டுமாம்!

இது புதிய வழக்கமும் அல்ல. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, இதே போன்ற ஒரு நகலை வெளியிட்டு 21 நாள் தவணை கொடுத்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகே தவணையை நீட்டினார்கள். 2021 டிசம்பரில் டில்லி எல்லையில் போராடிய விவசாயிகளுக்குச் சர்க்கார் ஒரு கடிதம் கொடுத்தது. சம்பந்தப்பட்டவர்களுடன் விவாதித்த பிறகே மின்சார மசோதா பார்லிமெண்டுக்கு வரும் என்று அதில் வாக்களித்தது. 2022 ஆகஸ்ட் 8ஆம் தேதி மசோதா லோக்சபைக்கு வந்துவிட்டது! விவாதித்தது எங்கே, யாருடன் என்று விவசாயிகள் சங்கங்கள் கேட்டன. மசோதா நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது.

நம் மாநிலக் கதையும் பெருமைப்படுகிற மாதிரி இல்லை. 2022இல் மின் கட்டணத்தை உயர்த்துமுன் ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டது. கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கேட்டது. ஒருநாள் கூலியை விட்டு, பஸ் சார்ஜும் கொடுத்து, மதுரைக்குப் போய் மைக்கின் முன்னால் நிற்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? செப்டம்பர் 10ஆம் தேதி கட்டணம் ஏறியது.

சரி, மசோதா என்ன சொல்கிறது? மூன்று விஷயங்கள் முக்கியம்.

இன்று பெரிய ஆலைகளும் வியாபார நிலையங்களும் அடக்கச் செலவுக்கு மேலே கட்டணம் கொடுக்கின்றன. அந்த உபரியைக் கொண்டு சிறிய வீட்டுக்கும் விவசாயிக்கும் குறைந்த விலையில் மின்சாரம் போகிறது. இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். ஆலைகளும் ரயில்வேயும் மெட்ரோவும் சுமக்கிற இந்தப் பங்கை ஐந்தாண்டில் ஒழிப்பது என்கிறது மசோதா. கட்டணம் அடக்கச் செலவையொட்டியே இருக்க வேண்டும் என்பது அதோடு சேர்ந்த விதி. அடுத்தது, மின்வாரியம் போட்ட அதே கம்பியில் வேறு கம்பெனிகளும் மின்சாரம் விற்கலாம். மூன்றாவது, ஒரு மெகாவாட்டுக்கு மேல் வாங்குகிற பெரிய நுகர்வோருக்குச் சப்ளை செய்தே தீர வேண்டிய கடமையிலிருந்து விநியோகஸ்தரை ஆணையம் விடுவிக்கலாம்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். அடக்கச் செலவு என்றால் என்ன? கோவில்பட்டி நகரத்தில் ஒரு கம்பத்தைச் சுற்றி எத்தனையோ வீடுகள். நம் காட்டுப் பக்கம் ஊருக்கும் ஊருக்கும் நடுவே மைல் கணக்கில் கரிசல். கம்பமும் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் நீளுகின்றன. எடுத்துக்கொள்கிற வீடுகளோ கொஞ்சம். வழியில் வீணாகிற மின்சாரமும் அதிகம். செலவுக் கணக்குப் பார்த்தால் நாட்டிலேயே அதிகச் செலவு வைக்கிறவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்! கணக்குப்படி வசூலித்தால், மாடிவீட்டுக்காரனைவிடக் கூரைவீட்டுக்காரனிடம் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கும்.

பம்புசெட் இல்லை, உண்மை. ஆனால் நீங்கள் குடிக்கிற தண்ணீர் தானாக ஏறி வருகிறதா? கோவில்பட்டிக்குத் தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து மோட்டார் வைத்துத் தள்ளியே வருகிறது. உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவதும் மோட்டாரால்தான். அந்தப் பில்லைக் கட்டுவது உங்கள் ஊராட்சிப் பணம். மாவு மில்லில் கம்பு அரைக்கக் கொடுக்கிற கூலியில் மின் கட்டணம் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசில் உங்கள் வீட்டுப் பெண்கள் வாங்குகிற சம்பளத்தை முதலாளி பேரம் பேசும்போது, மின் கட்டணம் ஏறிவிட்டது என்பது அவருக்குக் கையோடு இருக்கிற சாக்கு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடுகிற வீட்டில் அது பெரிய விஷயம்.

'மானியத்தை நாங்கள் நிறுத்தவில்லை, வேண்டுமானால் மாநில சர்க்கார் 65ஆவது பிரிவின்படி தன் கஜானாவிலிருந்து கொடுக்கட்டும்' என்கிறது மத்திய சர்க்கார். பெரிய ஆலையின் தோளிலிருந்து சுமையை இறக்கி மாநிலத்தின் தோளில் வைக்கிறார்கள். மாநிலக் கஜானா யார் பணம்? சோப்பு வாங்கும்போது நாம் கொடுக்கிற வரிதானே!

ஒரு சிறிய தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி எங்களிடம் வாதாடினார். "தொழிற்சாலைக்குக் கட்டணம் குறையும் என்கிறார்கள், நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?" என்றார். அவர் கஷ்டம் பொய்யல்ல. 2022 கட்டண உயர்வில் நிலைக்கட்டணம் ஏறி, சிறுதொழில்காரர்கள் 2023 செப்டம்பரில் கதவடைப்பே நடத்தினார்கள். அது மாநில சர்க்கார் வைத்த சுமை. அதை ஆதரிக்க நமக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு மெகாவாட் என்றால் ஆயிரம் கிலோவாட். எந்தத் தீப்பெட்டி ஆபீஸ் அந்த அளவுக்கு மின்சாரம் இழுக்கிறது? 'உற்பத்தித் தொழில்' என்று ஒரே பெயரில் பெரிய பஞ்சாலையையும் சிறிய ஆபீசையும் சேர்த்துச் சொல்கிறார்கள். புதிய கம்பெனி தேடி வரப்போவது பஞ்சாலையை. தனியார் பஸ் மெயின் ரோட்டில் ஓடும். கடைசிக் கிராமத்துக்கு அரசு பஸ்தான் வரவேண்டும். அது உங்களுக்குத் தெரிந்த சங்கதி.

ஒரிஸ்ஸாவில் இதைச் செய்தே பார்த்தார்கள். 1999இல் மின்விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பெரும் புயல் அடித்துக் கம்பங்கள் சாய்ந்தன. மத்தியப் பகுதி விநியோகத்தை எடுத்திருந்த அமெரிக்கக் கம்பெனி 2001இல் விட்டுவிட்டுப் போனது. மற்ற மூன்று பகுதிகளை வைத்திருந்த கம்பெனியின் லைசென்ஸ் 2015இல் ரத்தாயிற்று. பிறகு இன்னொரு பெரிய தனியார் கம்பெனிக்கே மறுபடியும் போயிற்று!

எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில், 61ஆவது பிரிவில், குறுக்கு மானியத்தைக் 'குறைத்து ஒழிப்பது' என்றே முதலில் இருந்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. 2007 திருத்தத்தில் 'ஒழிப்பது' என்ற சொல் எடுக்கப்பட்டது. 'குறைப்பது' மட்டும் நின்றது. எடுத்த அந்தச் சொல்லைத்தான், ஐந்தாண்டு கெடுவோடு, இப்போது திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

மின்சாரம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று இந்த மண் ஒருபோதும் சொன்னதில்லை. விவசாயிகள் போராட்டத்தின்போது, 1980 டிசம்பர் 31ஆம் தேதி, இதோ பக்கத்தில் குருஞ்சாக்குளத்தில் போலீஸ் துப்பாக்கி வெடித்து விவசாயிகள் பிணமானார்கள். அந்த இயக்கத்துக்குத் தலைமை வகித்த நாராயணசாமி நாயுடு கோவைக்காரர். 1984 டிசம்பரில் அவர் உயிர் பிரிந்தது நம் கோவில்பட்டியில். அவருக்கும் நமக்கும் கருத்து வேற்றுமைகள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விவசாயிக்கு இலவச மின்சாரம் என்பது எந்த மந்திரியும் மனமிரங்கிக் கொடுத்த தானமல்ல.

ஆகவே தோழர்களே, தவணை முடிந்தது என்று உட்கார வேண்டாம். டில்லி குறித்த தேதி டில்லிக்கு. பார்லிமெண்டு உறுப்பினர் நம் ஓட்டில் போனவர். அவருக்குத் தமிழ் தெரியும். அடுத்த கிராமசபையில் தீர்மானம் வைப்போம். வெறும் 'எதிர்க்கிறோம்' என்று எழுதினால் போதாது. உங்கள் ஊர்த் தண்ணீர் மோட்டாருக்கு இரண்டு மாதத்தில் எவ்வளவு பில் வருகிறது, ஊராட்சி வரவில் அது எத்தனை பங்கு, மாவு மில் எவ்வளவு கட்டுகிறது, 100 யூனிட்டுக்குள் முடிகிற வீடுகள் எத்தனை? இந்தக் கணக்கைத் தமிழில் எழுதி, அதன் கீழே கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள்.

வேப்பமரத்தடிப் பெரியவரின் ஊருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறோம். கணக்கு எழுதத் தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேர் எங்களோடு வரவேண்டும். யார் வருகிறீர்கள்?