அபராதமா, டெபாசிட்டா?

(2024 ஜூன் மாதப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் எழுதித் தரச் சொன்னார்.)



இன்றைய அஜெண்டாவில் ஐந்தாவது பொருள், குப்பையைப் பிரிக்காமல் கொடுக்கும் வீட்டுக்கும் பால்கனியிலிருந்து வீசும் வீட்டுக்கும் 500 ரூபாய் அபராதம். இதைக் கொண்டுவந்தவர்களின் கோபம் நியாயமானது. பி பிளாக்கின் பின்பக்க சன்ஷேடில் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். இருந்தாலும் நீங்கள் கை தூக்குவதற்கு முன் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். முப்பத்தைந்து வருடம் பேங்க் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். விதி என்றால் ஜனங்கள் எப்படி நடந்துகொள்வார்கள், பணம் என்றால் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது ஓரளவு தெரியும்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். குப்பை கார்ப்பரேஷன் விவகாரம், நமக்கென்ன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2016 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் அப்படிச் சொல்லவில்லை. குப்பையை உண்டாக்குகிறவரே அதை மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மக்குவது ஒன்று, மக்காதது ஒன்று. மூன்றாவது, வீட்டிலேயே இருக்கும் ஆபத்தான சாமான்: பழைய பெயின்ட் டப்பா, டியூப் லைட், பேட்டரி, காலாவதியான மாத்திரை, இன்சுலின் ஊசி. டயாபர், நாப்கின் இவற்றைத் தனியாகச் சுற்றித்தான் போட வேண்டும். தெருவில் வீசக்கூடாது, எரிக்கக்கூடாது. மொட்டை மாடியில் நூறு பேருக்கு மேல் கூட்டி விசேஷம் வைத்தால் மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. போன மாதம் நடந்த வளைகாப்பை நான் சொல்லவில்லை!

நமக்கு முக்கியமான இடம் இதுதான். குடியிருப்போர் சங்கங்கள் ஒரு வருடத்துக்குள் இந்தப் பிரிப்பை உறுதிசெய்ய வேண்டும். மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும். அந்த ஒரு வருடம் 2017-லேயே முடிந்துவிட்டது. ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவைத் தாண்டினால் ‘மொத்தக் கழிவு உற்பத்தியாளர்’ என்று பெயர். வீட்டுக்கு ஒரு கிலோ என்று வைத்தால்கூட நம் 112 வீட்டுக்கு 112 கிலோ. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அது சங்கத்தின் பெயருக்கு வரும். ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கும் வீட்டின் மெயின்டனன்ஸிலிருந்தும் சேர்த்துத்தான் அதைக் கட்டுவோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. தயாரிக்க, சேமிக்க, விற்க, பயன்படுத்த எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். கேரி பேக் நம் கேட் வாசல்வரை வராமல் இருக்கிறதா? அதிகாரி என்றைக்கோ ஒரு நாள்தான் வருவார், வியாபாரமோ தினமும் நடக்கிறது.

படிப்பு கொடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைப் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. சினிமா தியேட்டரில் ஸ்லைடு போடச் சொன்னது. அன்றைக்குப் படித்த பிள்ளைகள் இன்று நம் வளாகத்தில் வீடு வாங்கியிருக்கிறார்கள். பச்சைக் கூடையில் எது, நீலக் கூடையில் எது என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். தெரியாததால் யாரும் கலந்து கொட்டவில்லை.

இப்போது நீலகிரிக்கு வாருங்கள். மது பாட்டில்களைக் காட்டில் உடைத்துப் போட, யானையின் காலில் கண்ணாடி ஏறியது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் டாஸ்மாக் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டைப் பற்றிக் கவலையே இல்லாதவர்கூடப் பாட்டிலைக் கொண்டுவந்தார். அவர் வீசிவிட்டுப் போனால் வேறொருவர் பொறுக்கிக் கொடுத்துப் பத்து ரூபாய் சம்பாதித்தார். போலீஸ் துரத்த வேண்டியிருக்கவில்லை. பிறகு கோவை, பெரம்பலூர் என்று அது பரவியது. குடிப்பவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால் இது ஒன்றுதான்.

இது புதிய யோசனையும் இல்லை. சோடா பாட்டிலுக்குக் கடைக்காரரிடம் காசு கட்டி வாங்கியது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 1971-லேயே பாட்டிலுக்கு ஐந்து சென்ட் டெபாசிட் என்று சட்டம் போட்டது. அந்த நாட்டில் முதல் சட்டம் அது. ஆனால் வருடம் ஏற ஏற ஐந்து சென்டுக்கு மதிப்பில்லாமல் போய், திரும்பும் பாட்டிலும் குறைந்தது. 2017-ல் பத்து சென்ட் ஆக்கினார்கள். தொகை உறுத்த வேண்டும், இல்லாவிட்டால் யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

500 ரூபாய் அபராதத்தில் எனக்கு இருக்கும் சங்கடம், அதை யார் கண்டுபிடித்துச் சொல்வது என்பதுதான். தீர்மானத்தில் ‘செக்யூரிட்டியும் ஹவுஸ்கீப்பிங் பெண்களும் தெரிவிக்க வேண்டும்’ என்று இருக்கிறது. நம்மிடம் தீபாவளி இனாம் வாங்குகிறவர், நம் வீட்டு எண்ணை எழுதிக் கொடுப்பாரா? கொடுத்தால் அடுத்த மாதம் வேலையில் இருப்பாரா? கலந்த குப்பையை ஷெட்டில் உட்கார்ந்து கையால் பிரிப்பதும் அந்தப் பெண்கள்தான். உடைந்த டம்ளர் கிழித்து ஒருவருக்கு மூன்று தையல் போட்டோம். அவரிடமே போலீஸ் வேலையையும் கொடுப்பது அநியாயம். பேங்க்கில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். ஒருவரை நம்பாததால் அல்ல, ஒருவர் தலையில் எல்லாம் விழக்கூடாது என்பதற்காக.

அதனால் ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறேன். மாதா மாதம் மெயின்டனன்ஸோடு 300 ரூபாய் டெபாசிட். வீட்டில் குடியிருப்பவர் யாரோ அவர் பெயரில், வாடகைக்கு இருந்தாலும் சரி. மாதம் இரண்டு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், பிளாக்குக்கு இரண்டு குடியிருப்பாளர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு வந்து கூடையைப் பார்ப்பார்கள். என் வீட்டையும் பார்க்கலாம். இரண்டு தடவையும் பிரித்திருந்தால் 300 ரூபாயும் அடுத்த பில்லில் கழியும், ஒரு தடவை என்றால் 150. திரும்பாத பணம் சங்கத்தின் பொதுக் கணக்கில் சேரக்கூடாது. அது வருமானமாகிவிட்டால், தப்பு நடக்கட்டும் என்ற ஆசை கமிட்டிக்கே வந்துவிடும். தனிக் கணக்கில் வைத்து அந்தப் பெண்களுக்குக் கையுறை, பூட்ஸ், தடுப்பூசி, மீதியில் உரத்தொட்டி.

பால்கனியிலிருந்து வீசுவதற்கு இது தீர்வு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு 500 அபராதம் இருக்கட்டும். கேமரா பதிவைக் கமிட்டியில் மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு மட்டும்.

முதியவர்கள் தனியாக இருக்கும் ஒன்பது வீடுகளுக்கு மூன்று கூடையும் சங்கம் வாங்கித் தரலாம் என்று பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன். ஆறு மாதம் நடத்திப் பார்த்து, கணக்கை டிசம்பர் கூட்டத்தில் வைக்கிறேன். பொதுக்குழு இந்தத் திருத்தத்தை வாக்கெடுப்புக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது. கூட்டத்துக்கு வராதவர்கள் ஆபீஸ் அறையில் உள்ள படிவத்தில் ஆம், இல்லை எதுவானாலும் எழுதி, வீட்டு எண்ணோடு 30-ஆம் தேதிக்குள் பெட்டியில் போடுங்கள்.