உச்சந்தலையில் தொடங்கும் இழப்பு: கறுப்பினப் பெண்களின் கூந்தலும் உரிமையும்



முடி உதிர்தல் அழகைப் பற்றிய சிறு கவலை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாற்றைப் பயில்வோர்க்கு, ஓர் இனத்தின் கூந்தல் எவ்வாறு சட்டத்துக்கும் சந்தைக்கும் பணியிடத்துக்கும் கட்டுப்படுத்தப்பட்டது என்பது புலனாகும். 1786ஆம் ஆண்டில், ஸ்பானிய ஆட்சியிலிருந்த லூசியானாவின் ஆளுநர் எஸ்தெபான் மிரோ, அடிமைகளாக இல்லாத கறுப்பின, கலப்பினப் பெண்கள் தம் கூந்தலைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என ஆணையிட்டார். அப்பெண்களோ வண்ணத் துணிகளால் எழிலுறத் தலைப்பாகை கட்டி, இழிவுபடுத்த வந்த ஆணையையே அணிகலன் ஆக்கினர்.

அதே லூசியானாவில் 1867இல் பிறந்தவர் சேரா பிரீட்லவ். மேடம் சி. ஜே. வாக்கர் என்று உலகம் அறிந்த பெரும் தொழில் முனைவர் இவரே. உச்சந்தலை நோயால் தம் முடியை இழந்து வருந்தியவர் அவர். சூடேற்றிய சீப்பைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கூறுவது பிழை. கந்தகம் கலந்த களிம்பும், தலையைத் தூய்மையாகக் கழுவும் பழக்கமுமே அவருடைய முறையின் அடிப்படை. அதாவது அவருடைய தொழில், உச்சந்தலையின் நலத்திலிருந்தே தொடங்கியது.

கறுப்பினப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் முடியிழப்பு வகைகளுள் இரண்டை இங்கே தெளிவுபடுத்துதல் வேண்டும்.

முதலாவது, இழுவிசையால் வருவது. இறுகப் பின்னிய சடையும், ஒட்டு முடியின் பாரமும், இழுத்துக் கட்டிய கொண்டையும் மயிர்க்கால்களை நாள்தோறும் இழுக்கின்றன. நெற்றியோரத்திலும் காதருகிலும் முடி மெலியும். சிறு கொப்புளங்களும் வலியும் தோன்றும். தொடக்கத்திலேயே கட்டைத் தளர்த்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் தழும்பு விழுந்து, இழப்பு நிலைத்துவிடும்.

இரண்டாவது, உச்சியின் நடுவில் தோன்றி வட்டமாக விரியும் தழும்பு வழுக்கை. சி.சி.சி.ஏ. என மருத்துவர்கள் சுருக்கமாக அழைக்கும் இந்நோயை 1968இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை ஒன்று, சூட்டுச் சீப்பின் விளைவு என்றே விளக்கியது. அதனால் நோயுற்ற பெண்ணே தன் நோய்க்குக் காரணம் என்ற பழி நெடுங்காலம் நிலவியது. ஆனால் சூட்டுச் சீப்பையே தொடாத பெண்களுக்கும் இந்நோய் வந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த தோல் மருத்துவப் பேராசிரியர் என்கோசா டுலோவா உள்ளிட்ட பன்னாட்டு ஆய்வுக் குழு, 2019இல் புதிய உண்மை ஒன்றை வெளிக்கொணர்ந்தது. முடித்தண்டு உருவாகத் துணைபுரியும் பி.ஏ.டி.ஐ.3 என்ற மரபணுவில், ஆராயப்பட்ட பெண்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் மாற்றம் காணப்பட்டது. அரை நூற்றாண்டுப் பழியின் பெரும்பகுதி அன்றே சரிந்தது.

இதனால் வேதிப்பொருள்கள் தீங்கற்றவை என்று பொருளாகாது. 33,000க்கும் மேற்பட்ட பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்த அமெரிக்க அரசு நிறுவனத்தின் ஆய்வு 2022இல் வெளியானது. முடியை நேராக்கும் வேதிப்பொருள்களைப் பயன்படுத்தாதோருள் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்துவோருக்கு 4.05 விழுக்காடு என அது மதிப்பிட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றி, காரணத்தை முற்றாக நிறுவவில்லை. எனினும் இப்பொருள்களை மிகுதியாகப் பயன்படுத்துவோர் கறுப்பினப் பெண்களே ஆதலால், அச்சுமையும் அவர்கள் மீதே மிகுதியாக விழுகிறது.

அவர்கள் ஏன் பயன்படுத்துகின்றனர்? விடை வேலைவாய்ப்பில் இருக்கிறது. 2010இல் அலபாமா மாநிலத்தில், சடைமுடியை நீக்க மறுத்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வழங்கப்பட்ட வேலை திரும்பப் பெறப்பட்டது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. இந்நிலையில்தான் 2019இல் கலிபோர்னியா மாநிலம், இயற்கைக் கூந்தலைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் கிரவுன் சட்டத்தை முதன்முதலாக இயற்றியது. 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. 2022இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறிய நாடு தழுவிய மசோதாவோ மேலவையைக் கடக்கவில்லை. அமெரிக்க வான்படை, இறுக்கமான கொண்டையால் பெண்களுக்குத் தலைவலியும் முடியிழப்பும் நேர்வதை ஏற்று, 2021இல் தன் விதியைத் தளர்த்தியது.

தமிழருக்கும் இதில் பங்குண்டு. திருப்பதியில் பக்தர்கள் காணிக்கையாகச் செலுத்தும் முடி ஏலம் விடப்பட்டு, உலகச் சந்தையில் ஒட்டு முடியாகவும் பொய்முடியாகவும் விற்கப்படுகிறது. கிறிஸ் ராக்கின் 2009ஆம் ஆண்டு ஆவணப்படம் ‘குட் ஹேர்’ இவ்வணிகத்தைக் காட்டியது. அன்றியும், பள்ளிக்கு இறுகச் சடை பின்னி அனுப்பும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. இழுவிசைக்கு இனம் தெரியாது.

இன்னொன்றும் பொதுவானது. வெண்ணிறத் தோலில் சிவப்பாகத் தெரியும் அழற்சி, கருந்தோலில் கருமையாகவோ ஊதா நிறமாகவோ தோன்றும். எளிதில் கண்ணில் படாது. மருத்துவப் பாடநூல்களின் படங்களோ பெரும்பாலும் வெண்ணிறத் தோலையே காட்டி வந்துள்ளன. எனவே உச்சியில் அரிப்பு, எரிச்சல், வலி, முடி முறிதல் ஆகியவை தொடர்ந்தால், பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் இயல்பான உதிர்வு என்றோ இரும்புச்சத்துக் குறைவு என்றோ தாமே முடிவு செய்யாது, தோல் மருத்துவரை நாடுதல் வேண்டும். தேவையெனில் திசு ஆய்வு செய்யுமாறு கேட்பதில் தயக்கம் வேண்டா. தழும்பான இடத்தில் முடி மீளாது. பரவாமல் தடுக்க மருந்து உண்டு. ஆகவே காலமே இங்கு மருந்தினும் பெரிது.

கறுப்பினப் பெண்கள் கேட்பது சலுகையன்று. பிறந்தபடி இருந்துகொண்டே உழைத்து வாழும் உரிமையைத்தான் கேட்கின்றனர். வேற்று மண்ணில் தம் பெயருக்காகவும் மொழிக்காகவும் உடைக்காகவும் வாதாடி வரும் தமிழர், அக்குரலோடு தம் குரலையும் சேர்த்தல் கடமை. அதற்கு முன், வீட்டில் மகளின் சடையைச் சற்றே தளர்த்திப் பின்னுதலும் நன்று.