அதிசயச் செய்திகளும் ஒரு மாணவனின் கேள்வியும்



உலகத்து அதிசயச் செய்திகளைக் குறித்துச் சில நிமிடங்கள் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்துள்ளனர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவனுக்கு இதைவிட இனிய பணி வேறு என்ன இருக்க முடியும்? ஆறாம் வகுப்புச் சிறுவனாயினும் சரி, கல்லூரி மாணவியாயினும் சரி, "இந்தச் செய்தியைக் கேட்டாயா?" என்று தொடங்கினால் செவிசாய்க்காதார் எவருமிலர். ஆயினும், அதிசயங்களை அடுக்குவதற்கு முன்னால், நான் செய்த பிழையொன்றை உங்களிடம் சொல்லிவிட விரும்புகிறேன்.

அது 1985ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் அமர்ந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. எட்டாம் வகுப்பில் பறவைகளைப் பற்றிய பாடம். இன்று வாழும் பறவைகளுள் மிகப் பெரியது நெருப்புக்கோழி என்றும், அதனால் பறக்க இயலாது என்றும், மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடும் என்றும் கூறினேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "பகையைக் கண்டால் அது தலையை மணலுக்குள் புதைத்துக்கொண்டு, தன்னை எவரும் காணவில்லை என்று எண்ணிக்கொள்ளும்" என்றும் சேர்த்துச் சொன்னேன். வகுப்பு முழுவதும் சிரித்தது.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், மணலுக்குள் தலை இருந்தால் அது எப்படி மூச்சு விடும்? அவ்வளவு வேகமாக ஓடக்கூடியது ஓடாமல் ஏன் நிற்க வேண்டும்?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவோ நா எழவில்லை. "வாத்தியாருக்கே பாடம் சொல்கிறாயா?" என்று அதட்டி, மணி அடிக்கும் வரையில் அவனைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். சொல்பவர் எவராயினும் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்னும் குறளை, அன்று காலையில் நானே கரும்பலகையின் மேற்புறத்தில் எழுதியிருந்தேன். அதன் கீழேதான் அம்மாணவன் தலைகுனிந்து நின்றான்.

சில ஆண்டுகள் கழிந்தபின், நூலகமொன்றில் பறவைகளைப் பற்றிய நூலைப் புரட்டியபோது உண்மை விளங்கிற்று. நெருப்புக்கோழி மணலில் தலையைப் புதைப்பதே இல்லை. அது தரையில் ஆழமில்லாத குழி பறித்து முட்டையிடுகிறது. அவ்வப்போது குனிந்து அலகினால் முட்டைகளைப் புரட்டிவிடுகிறது. தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தலை மண்ணுக்குள் போனதுபோலத் தோன்றும். அச்சம் நேர்ந்தால் சிலபோது கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டிப் படுத்துக்கொள்வதும் உண்டு. கி.பி. 79இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினி, இப்பறவை தலையையும் கழுத்தையும் புதருக்குள் நுழைத்துவிட்டு உடல் முழுவதும் மறைந்துவிட்டதாக எண்ணும் என்று எழுதிவைத்தார். புதர் நாளடைவில் மணலாயிற்று. ஏறத்தாழ 1900 ஆண்டுகள் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குச் சென்ற அக்கதை, என் வாய்க்கும் வந்து சேர்ந்தது. அம்மாணவனோ அதற்குள் தந்தையாரின் பணி மாற்றத்தால் வேறு ஊருக்குச் சென்றுவிட்டான். என் தவற்றை அவனிடம் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

அன்றுமுதல் அதிசயச் செய்தி எதைக் கேட்டாலும், "இதைக் கண்டவர் யார்? எவ்வாறு கண்டார்?" என்று கேட்கும் வழக்கம் என்னிடம் வந்துவிட்டது.

கண்ணால் கண்டால் போதுமன்றோ என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் போதாது. வடதுருவப் பகுதியில் லெம்மிங் என்னும் சிறு விலங்கு, எலி இனத்தைச் சேர்ந்தது, வாழ்கிறது. அது கூட்டங்கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்பது பலர் நம்பிய செய்தி. 1958இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னஸ்' என்னும் திரைப்படத்தில் அக்காட்சியை மக்கள் நேரிலேயே கண்டனர். சிறந்த செய்திப்படத்துக்கான ஆஸ்கார் பரிசும் அதற்குக் கிடைத்தது. அக்காட்சி எடுக்கப்பட்ட இடமோ, கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலம். அங்குக் கடலே இல்லை! வேறு மாநிலத்திலிருந்து விலைக்கு வாங்கி வந்த லெம்மிங்குகளைப் படப்பிடிப்பாளர்களே ஆற்றங்கரை மேட்டிலிருந்து நீரில் விழச் செய்தனர். 1982இல் கனடா நாட்டு ஒளிபரப்பு நிறுவனத்தார் இதனை வெளிப்படுத்தினர். கண்ணும் ஏமாறும், மாணவர்களே! படம் பிடித்தவர் யார் என்பதையும் கேட்டறிய வேண்டும். லெம்மிங்கின் உண்மை வாழ்க்கையில் வியப்புக்குக் குறைவா என்ன? கடுங்குளிர்காலத்திலும் அது உறங்கிக் கிடப்பதில்லை. பனிப்போர்வையின் அடியில் சுரங்கம் அமைத்து, அங்கேயே குட்டிகளும் ஈனுகின்றது.

இனி, மெய்யைத் தேடியோர் கதையையும் கேளுங்கள். வௌவாலுக்குக் கண் தெரியாது என்று சிலர் சொல்வர். அது தவறு, பழந்தின்னி வௌவால்களுக்கு நல்ல பார்வை உண்டு. ஆனால் காரிருளிலும் முட்டாமல் மோதாமல் வௌவால் எவ்வாறு பறக்கிறது? 1790களில் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி இக்கேள்வியை எழுப்பினார். கண்ணிழந்த வௌவாலும் தடையின்றிப் பறப்பதைக் கண்டார். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழூரின், வௌவாலின் காதுகளை அடைத்தால் அது தடுமாறி மோதுவதைக் காட்டினார். காதால் பார்ப்பதா என்று உலகம் நகைத்தது. 1938இல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் டொனால்டு கிரிஃபின், மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலியைக் கேட்கும் கருவியின் முன்னர் வௌவால்களைக் கொண்டுசென்றார். அவை ஓயாமல் ஒலியெழுப்பியதைக் கருவி காட்டிற்று! அவ்வொலியின் எதிரொலியைக் கேட்டே அவை வழியறிகின்றன என்பது அதன்பின் ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. ஏறத்தாழ 140 ஆண்டுகள் நகைப்புக்கு ஆளான உண்மையை வெளிக்கொணர்ந்தவர் உங்களைப் போன்ற ஒரு மாணவர் என்பதை மறவாதீர்கள்.

விளையாட்டுத் துறைக்கு வருவோம். மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். பண்டைக் கிரேக்க வீரன் ஓடிய தொலைவே இது என்று எண்ணுவோர் பலர். 1896இல் ஏதென்சு நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தான் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். 1908இல் இலண்டனில் ஓட்டத்தை வின்சர் கோட்டையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமரும் மாடத்தின் முன் முடித்தனர். அவ்வழியை அளந்தபோது வந்ததே இந்த எண். 1921இல் அதுவே நிலையான அளவாயிற்று. ஓட்டக்காரர் கடைசியில் இளைத்து ஓடும் இரண்டு கிலோமீட்டருக்கு அரண்மனையே காரணம்!

இறுதியாக, நம்பவே இயலாத ஒரு மெய். பட்டைவால் மூக்கன் என்றொரு கரைப்பறவை உண்டு. 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பிறந்து ஐந்து மாதமே ஆன ஓர் இளம் பறவை அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, பசிபிக் பெருங்கடலைக் கடந்து, ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில் இறங்கியது. பதினொரு நாள் ஊணுமின்றி, இறங்குதலுமின்றி, 13,560 கிலோமீட்டர் பறந்தது. இதனைக் கண்டவர் யார்? அதன் உடலில் பொருத்திய சிறு கருவி, செயற்கைக்கோள் வழியாக அதன் இருப்பிடத்தைத் தெரிவித்துக்கொண்டே இருந்தது. இத்தகைய உண்மை இருக்க, மணலில் தலை புதைக்கும் கட்டுக்கதை நமக்கு எதற்கு?

இந்நாளில் உங்கள் கைபேசியில் காலை விழித்தது முதல் அதிசயங்கள் வந்து குவிகின்றன. அவற்றைப் படியுங்கள், மகிழுங்கள். பிறருக்கு அனுப்புமுன் மட்டும், மூச்சு எப்படி விடும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்களுள் நாளை ஆசிரியராகப் போகிறவர்களுக்கு மற்றொன்றும் சொல்வேன்: "எனக்குத் தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று வகுப்பில் சொல்வதால் ஆசிரியரின் மதிப்புக் குறையாது. எனக்கு இதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

அன்று பெஞ்சின்மேல் நின்ற மாணவருக்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். எவ்வூரில் இருக்கிறாரோ, என்ன தொழில் செய்கிறாரோ, அறியேன். வானொலி எல்லா வீடுகளுக்குள்ளும் செல்லும் என்பார்கள். ஒருகால் இப்பேச்சு அவர் செவியில் விழுமாயின், அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். "தம்பி, நீ கேட்ட கேள்வி சரியானது. நான் சொன்னதுதான் தவறு. உட்கார்ந்துகொள்."