சேற்றில் ஒரு சைக்கிள் ஓட்டம்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



வைத்தியர் என்றபடியால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது சைக்கிளைப் பற்றி. அதிலும் நான் கடைசியாக வந்த ஒரு போட்டியைப் பற்றி.

இந்த மண்டபத்தில் பரிசளிப்பு விழாக்களில் என் பெயர் பல தடவை வாசிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டி நாட்களில் என்னைக் கூடாரத்துக்குப் பின்னால்தான் தேட வேண்டும். ஒருமுறை நூறு மீற்றர் ஓடிக் கடைசியாக வந்தேன். எதில் முதலாவதாக வர முடியாதோ அதைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே, பதினொரு வயதில், முடிவெடுத்தேன். அந்த முடிவை முப்பது வருடம் காப்பாற்றினேன்.

ஆனாலும் சைக்கிள் ஓடினேன். அதைப் போட்டியென்று நினைக்காததால் ஓடினேன். என் வயதுக்காரர் எல்லோரும் ஓடினோம். பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலம் அது. பள்ளிக்கும் ரியூசனுக்கும் சைக்கிள், விறகுக்கும் சைக்கிள், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் சைக்கிள். மின்சாரமில்லாத இரவுகளில் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் புறப்பட்டபோது, அப்பாவின் றலி சைக்கிளின் ஹான்டிலில் அரிசிப்பை தொங்கியது. கரியரில் தம்பி. மழை. ஓட இடமில்லை, தள்ளிக்கொண்டே போனோம். பின்னால் பிடித்தபடி நடந்த எனக்கு வயது 14.

பிறகு மருத்துவபீடம், திருமணம், றலி சைக்கிள் பிறந்த நாடான இங்கிலாந்தில் மேற்படிப்பு, வேலை, பிள்ளைகள், கார். 40ஆவது வயதில் என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த வைத்தியர், நான் என் நோயாளர்களுக்குத் தினமும் சொல்வதை எனக்குச் சொன்னார். சீனி எல்லைக்கோட்டில் நின்றது. எங்களைப் போன்ற தெற்காசியருக்கு நீரிழிவு இளைய வயதிலும் குறைந்த உடல் எடையிலும் வரக்கூடியது. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் பதினைந்து நிமிடம்கூடச் செய்யவில்லை.

பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். நான் இருப்பது யோர்க்ஷயரில். அங்குள்ள கிராமத்து வீதிகள் எங்கள் ஒழுங்கைகளைப் போல ஒடுங்கியவை. கிடுகு வேலிக்குப் பதிலாகச் சாந்து பூசாமல் அடுக்கிய கல் மதில்கள், மாட்டுக்குப் பதிலாகச் செம்மறிகள். எங்கள் ஊரில் மேடு என்றால் பாலம்தான். அங்கே ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் ஒரு குன்று. முதல் மூன்று மாதமும் குன்றடியில் இறங்கித் தள்ளினேன். ஒருநாள் இறங்காமலே ஏறிவிட்டேன். மேலே நின்று பார்க்க யாருமில்லை, செம்மறிகளைத் தவிர.

அடுத்த வருடம் கூட ஓடும் தோழி ஒருத்தி என்னை சைக்ளோகுறொஸ் போட்டிக்கு இழுத்துப் போனாள். பிரான்சில் 1902இலேயே தேசியப் போட்டி நடந்த விளையாட்டு இது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் புல், சேறு, மணல், படிக்கட்டு எல்லாவற்றுக்குள்ளாலும் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். குறுக்கே பலகைத் தடைகள் வரும், 40 சென்ரிமீற்றர் வரை உயரம். இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து, திரும்ப ஏறி ஓட வேண்டும். ஆண்களுக்கு உலகப் போட்டி 1950இல் தொடங்கியது. பெண்களுக்கு 2000ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நவம்பர் மாதம், மழை. மூன்றாவது வளைவில் விழுந்தேன். சேறு அப்பிச் சில்லு சுற்றவில்லை. சைக்கிளைத் தோளில் போட்டு ஏற்றத்தில் நடந்தபோது நாவற்குழி வீதி கண்முன் வந்தது. அதே மழை, அதே சேறு, சைக்கிளோடு நடை. நின்றுவிட்டேன். காயமா என்று கொடியோடு நின்ற தொண்டர் கேட்டார். இல்லை என்றேன், அழுகையோடு. அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று நான் விரும்பினால் வீட்டுக்குப் போகலாம். போகவில்லை. தொடர்ந்து நடந்தேன்.

இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்த விதி ஒன்றுண்டு. இங்கே நேரம்தான் கணக்கு, எங்கள் பிரிவுக்குச் சுமார் 40 நிமிடம். முதலாமவர் கோட்டைத் தாண்டியதும், மற்றவர்கள் தாங்கள் ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை முடித்தால் போதும். வென்றவர் ஆறு சுற்று ஓடினார், நான் நாலு. ஆனாலும் சில நிமிட இடைவெளியில் எல்லோரும் முடித்துவிட்டோம். கடைசியாக வருபவளுக்காக யாரும் காத்துக் களைக்க வேண்டியதில்லை. வென்ற பெண்ணே கோட்டடியில் நின்று எனக்குக் கைதட்டினாள்.

அதன்பின் பல போட்டிகள் ஓடிவிட்டேன். ஒன்றிலும் முதல் பத்துக்குள் வரவில்லை. சீனி இறங்கியிருக்கிறது. சோற்றைக் குறைத்ததும் அதற்குக் காரணம் என்பதை மறைக்க மாட்டேன்.

ஆசிரியர்களே, இந்தக் கல்லூரி என்னை முதலாவதாக வரப் பழக்கியது. அதற்கு என்றென்றும் நன்றியுடையேன். கடைசியாக வந்தாலும் அடுத்த நாள் திரும்பி வருவதற்கு நான் பிந்தித்தான் பழகினேன். கூடாரத்துக்குப் பின்னால் ஒளியும் பிள்ளைகள் இன்றும் இருப்பார்கள். அவர்களுக்கும் ஓட ஓர் இடம் கொடுங்கள். தங்கைமாரே, உயர்தரம் முடிந்ததும் சைக்கிளை வீட்டுக் கோடியில் சாத்திவிடாதீர்கள்.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டியில் பழைய மாணவிகளுக்கு மெதுவான சைக்கிள் ஓட்டம் ஒன்று வையுங்கள். அதில் கடைசியாக வருபவருக்குத்தானே பரிசு. முதல் ஆளாக நான் பெயர் தருகிறேன்.