கோயம்புத்தூர் வாடகை: இருக்கறவருக்கு ஒரு ரேட், வர்றவருக்கு ஒரு ரேட்

இந்த எபிசோடுக்குக் காரணம் சரவணம்பட்டியில இருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட். ஐடி வேலை, ரெண்டு பேரா ஒரு டூ பிஎச்கே-ல இருக்காங்க, வாடகை 12,000. அக்ரிமென்ட் முடியப்போகுது. ஓனர் அடுத்த வருஷத்துக்கு 14,000 கேக்கறார். புரோக்கர் ஒருத்தர் காளப்பட்டியில அதே 12,000-க்கு ஒரு வீடு காட்டியிருக்கார். "மாறிடவா, இங்கேயே இருக்கவா?" இதுதான் கேள்வி.

ரெண்டு வார்த்தையில பதில் சொல்லிடலாம். ஆனா நம்ம ஊர்ல வாடகை எப்படி ஏறுதுன்னு புரிஞ்சா இந்தப் பதில் தானா வந்துடும். அதனால கொஞ்சம் சுத்தி வரேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல, "கோயம்புத்தூர் வாடகை"ன்னு ஒரே ஒரு விஷயம் கிடையாது. 2010-ல பீளமேடு பக்கம் டைடல் பார்க் வந்துச்சு. சத்தி ரோட்டுல கீரணத்தம் பக்கம் சில் செஸ். 2024 நவம்பர்ல விளாங்குறிச்சியில எல்காட்டோட புது ஐடி கட்டிடம் திறந்தாங்க. எல்லாமே ஊரோட ஒரே பக்கம். சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சி எல்லாம் 2011-ல, மாநகராட்சி 72 வார்டுல இருந்து 100 வார்டா ஆனப்பத்தான் ஊருக்குள்ளேயே வந்துச்சு. முதல் மாசச் சம்பளம் வாங்கற பசங்க, பொண்ணுங்க எல்லாரும் அந்த ஒரு மூலையிலதான் வீடு தேடறாங்க. செல்வபுரத்துலயோ குனியமுத்தூர்லயோ இருக்கற உங்க சித்தப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, அவர் வேற ஒரு ஊரைப் பத்திப் பேசற மாதிரி இருக்கும்.

அடுத்தது, வீட்டை வாடகைக்கு விடறது யாருன்னு பார்க்கணும். பெரிய கம்பெனிகள் இல்லைங்க. ரிட்டயர் ஆன வாத்தியார், முன்னாடி மில்லுல வேலை பார்த்தவர், கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கறவர். கீழ அவங்க இருப்பாங்க, மேல ஒரு மாடி கட்டி வாடகைக்கு விடுவாங்க. கொஞ்சம் இடம் இருந்தா வரிசையா நாலு லைன் வீடு. அந்த வாடகைதான் அவங்களுக்குப் பென்ஷன். இவங்க தினமும் மார்க்கெட் ரேட் பார்க்கற ஆளுங்க இல்லை. பார்க்கறது ஒரே ஒரு சமயம்தான், வீடு காலியாகும்போது. அப்போ பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஏனுங், உங்க மேல் வீட்டை எவ்ளோக்கு விட்டீங்க?"ன்னு கேப்பாங்க. அவர் சொல்ற தொகைதான் புது ரேட்.

அதனால என்ன நடக்குது? நாலு வருஷமா ஒரே வீட்ல இருக்கற குடும்பத்துக்கு வருஷம் 500 ரூபாய் ஏறும். அதே காம்பவுண்டுல, அதே அளவு வீட்டுக்குப் புதுசா வர்றவர் 3,000 கூடக் குடுத்துட்டு இருப்பார். ரெண்டு பேரும் ஒரே மோட்டார் தண்ணியிலதான் குளிக்கறாங்க.

ஆப்ல நீங்க பார்க்கற வாடகை எல்லாமே ரெண்டாவது ஆளோட ரேட். காலியா இருக்கற வீடு மட்டும்தானே அங்க வரும்? பேசாம உட்கார்ந்திருக்கற பழைய ஆளோட வாடகை எந்தப் பட்டியல்லயும் வராது. தேசிய வீட்டுவசதி வங்கியோட ரெசிடெக்ஸ்ல கோயம்புத்தூர் இருக்கு, ஆனா அது வீட்டு விலையை அளக்கறது, வாடகையை இல்லை. அதனால "கோவையில வாடகை இத்தனை சதவீதம் எகிறியது"ன்னு ஒரு ரீல் வந்தா, அது ஊரோட வாடகைன்னு எடுத்துக்காதீங்க. வீடு மாத்தறவங்களோட வாடகைன்னு எடுத்துக்கோங்க. இந்த ஊர்ல அடிக்கடி வீடு மாத்தறது யாரு? நாமதான். 20-களில இருக்கறவங்க.

சரி, இப்ப நம்ம நண்பரோட கணக்குக்கு வருவோம். பேப்பர் இருந்தா எடுத்துக்கோங்க.

அங்கேயே இருந்தா மாசம் 2,000 கூட. வருஷத்துக்கு 24,000. மாறினா இந்த 24,000 மிச்சம், சரியா? இப்ப செலவை எழுதுங்க. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, 12,000. பழைய வீட்டை விடும்போது பெயிண்டிங்னு ஒரு மாச வாடகை அட்வான்ஸ்ல கழிப்பாங்க, அது 12,000. ஆச்சு, 24,000 முடிஞ்சது. வண்டி, ஏத்தி இறக்கற கூலின்னு ஒரு 4,000 போட்டுக்கோங்க.

கரண்ட் பில்லை யாருமே கணக்குல எடுக்கறதில்லை. இவர் இப்ப இருக்கற வீட்ல தனி இபி சர்வீஸ். ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் ஓடினா, இலவச யூனிட் போக, பில் சில நூறு ரூபாயைத் தாண்டாது. காளப்பட்டி வீட்ல சப் மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய்ன்னு ஓனர் சொல்லிட்டாராம். அதே 200 யூனிட்டுக்கு 1,600. வருஷத்துக்கு 9,600. இலவச யூனிட்டோட பலன் உங்க கைக்கு வரவே வராது. அதாவது அந்த 12,000 வாடகை உண்மையில 12,000 இல்லை.

மொத்தமாப் பார்த்தா, முதல் வருஷம் மாறறதுதான் நஷ்டம். ரெண்டாவது வருஷம் அங்கேயே, அதே வாடகையில உட்கார முடிஞ்சா கணக்கு கிட்டத்தட்ட நேராகும். 11 மாசம் முடிஞ்சதும் அந்த ஓனரும் ஏத்தினார்னா நேராகாது.

தண்ணியையும் சேர்த்துக் கேளுங்க. இந்த ஊர்ல வீடு பார்க்கப் போனா ஓனர் முதல்ல சொல்றதே "நல்ல தண்ணி வருதுங்க"ன்னுதான். மேற்குப் பக்கம் சிறுவாணி, இந்தப் பக்கம் பில்லூர்த் தண்ணி. வருதான்னு கேக்காதீங்க. எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, உங்க மாடி டேங்க்குக்கு ஏறுமான்னு கேளுங்க. ஓனர்கிட்ட இல்லை, கீழ் வீட்ல குடியிருக்கறவங்ககிட்ட கேளுங்க.

இப்ப அட்வான்ஸ். எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். காளப்பட்டி ஓனர் ஆறு மாச அட்வான்ஸ் கேக்கறார், 72,000. பழைய வீட்டு அட்வான்ஸ் எப்போ திரும்ப வரும்? "அடுத்த ஆள் வந்ததும் அவங்க குடுக்கறதை வாங்கித் தந்துடறேன் தம்பி." இந்த வசனத்தைக் கேக்காதவங்க யாராவது இருந்தா கமென்ட்ல சொல்லுங்க. உங்க பணத்தை அவர் எப்பவோ செலவு பண்ணிட்டார். உங்களுக்கு வரவேண்டியது, இன்னும் முகமே பார்க்காத ஒருத்தரோட பணம். புது அட்வான்ஸைக் கட்ட நடுவுல ஆப்ல லோன் எடுக்கறவங்களை எனக்கே தெரியும்.

தமிழ்நாட்டுல இதுக்குச் சட்டம் இருக்கு. 2017-ல போட்ட வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்துச்சு. டெபாசிட் மூணு மாச வாடகைக்கு மேல கூடாது. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான கழிவு போக, திருப்பித் தந்துடணும். ஆனா அந்த மூணு மாச விதியிலயே "வேறு விதமா ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்"ங்கற மாதிரி ஒரு வாசகம் இருக்கு. ஆறு மாசம்னு எழுதின அக்ரிமென்ட்ல நீங்களே கையெழுத்து போட்டா, அந்தக் கதவை நீங்களே திறந்து விடறீங்க. பேரம் பேசணும்னா கையெழுத்துக்கு முன்னாடி பேசணும். அக்ரிமென்ட்டை வாடகை அதிகாரிகிட்ட ஆன்லைன்ல பதிவு பண்ணச் சொல்லியும் கேளுங்க. நாளைக்கு அட்வான்ஸ் வரலைன்னா, பதிவு இருக்கறதும் இல்லாததும் ஒண்ணு இல்லை.

இன்னொண்ணும் சொல்லணும். இந்தச் சட்டம் அட்வான்ஸ் பத்திப் பேசுது, தண்ணி, கரண்ட்டை நிறுத்தக்கூடாதுன்னு பேசுது. யாருக்கு வீடு தரமாட்டேன்னு சொல்றதைப் பத்திப் பேசல. "சொந்த ஊர் எதுங்க?"ன்னு ஆரம்பிச்சு, "ஊர்ல எந்தத் தெரு?"ன்னு போய், "நான்வெஜ் சமைப்பீங்களா?"ல முடியற அந்த இன்டர்வியூ எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். சாதியை நேரா கேக்காம கேக்கற வழி அது. பேச்சிலர்னா ஒரு கதவு மூடும், தனியா இருக்கற பொண்ணுன்னா இன்னொண்ணு, முஸ்லிம் பேர்னா போன்லயே வீடு போயிடுச்சும்பாங்க. இப்படிப் பத்துல ஏழு வீடு மூடிட்டா, மீதி மூணு வீட்டுக்காரர் சொல்றதுதான் ரேட். ஒரே தெருவுல சிலர் மட்டும் அதிக வாடகை குடுக்கறதுக்கு இதுவும் காரணம். டிமாண்ட், சப்ளைன்னு மட்டும் சொல்லிட்டுப் போறது எனக்கு ஒப்பல.

போக்கியத்துக்கு, அதாவது லீஸுக்குப் போறவங்களுக்கு ஒரே வரி. மொத்தமா லட்சக்கணக்குல குடுத்துட்டு வாடகை இல்லாம இருக்கறது கேக்க நல்லா இருக்கும். அந்த வீட்டு மேல பேங்க் கடன் இருக்கான்னு, பணம் குடுக்கறதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பாருங்க. பதிவுத்துறை இணையதளத்துல காசில்லாமலே பார்க்கலாம்.

இப்ப சரவணம்பட்டி நண்பருக்கு. உடனே மாறாதீங்க. நீங்க காலி பண்ணினா உங்க ஓனருக்கும் செலவு இருக்கு. ஒரு மாசம் வீடு பூட்டிக் கிடந்தாலே அவருக்கு 12,000 போச்சு. புது ஆள் எப்படி இருப்பாரோங்கற பயம் வேற. அதனால போன்ல பேசாதீங்க, ஞாயித்துக்கிழமை காலையில கீழ இறங்கிப் போய் உட்கார்ந்து பேசுங்க. 13,000 தரேன், ரெண்டு வருஷத்துக்கு எழுதிக்கலாம், ரெண்டாவது வருஷம் எவ்ளோ ஏறும்னு இப்பவே அதுல போட்டுடலாம்னு கேளுங்க. கையோட அட்வான்ஸ் திருப்பித் தர்ற தேதியையும், பெயிண்டிங்குக்கு எவ்ளோ கழிப்பாங்கங்கறதையும் எழுதி வாங்குங்க. மாட்டேன், 14,000-தான்னு அவர் நின்னா, அப்பவும் முதல் வருஷத்துக்கு அதுதான் மலிவு. காளப்பட்டி வீட்டுக்குப் போறதா இருந்தா, தனி மீட்டர் வெச்சுத் தருவாரான்னு மட்டும் கேட்டுட்டு வந்து எனக்கு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.